ரத்த மார்க்கர், பாப், எச்.பி.வி., பி16: கர்ப்பப்பை வாய்க்கு எந்தப் பரிசோதனை?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். வயது 34, வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு 52, மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகிறது. அக்காவை ஊர் நர்சம்மா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்கிறார். அங்கே ஏதோ மருந்து தடவிப் பார்ப்பார்களாம், காசு கிடையாது. தங்கையைப் புதுச்சேரியில் ஒரு டாக்டரம்மா எச்.பி.வி. டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார். சென்னையில் இருக்கும் நாத்தனார் கையில் 'பி16, கேஐ-67 பாசிட்டிவ்' என்று ஒரு ரிப்போர்ட். இதற்கு நடுவில் பஸ் ஸ்டாண்டில் யாரோ கொடுத்த நோட்டீஸில், ஒரே ஊசியில் ரத்தம் எடுத்துப் பெண்களுக்கு வரும் புற்றுநோய் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று போட்டிருக்கிறது. "ரத்தத்துலயே தெரிஞ்சுடும்னா மத்ததெல்லாம் எதுக்குக்கா?" என்று கேட்கிறார்.

நான் பல வருடம் புதுச்சேரியில் ஆய்வகத்தில் ஸ்லைடு பார்த்தவள். இந்தக் கேள்வியை நேரிலும் போனிலும் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் இந்த நோய் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் எந்தப் பரிசோதனை எதைப் பிடிக்கிறது என்று புரியும். கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சுர் ஹவுசன் 1983-ல் 16-ஆம் வகையையும் அடுத்த வருடம் 18-ஆம் வகையையும் புற்றுநோய்த் திசுக்களில் கண்டுபிடித்தார். அதற்காக 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகத்தில் இந்தப் புற்றுநோய் வருகிறவர்களில் பத்துக்கு ஏழு பேருக்குக் காரணம் இந்த இரண்டு வகைகள்தான்.

ஆனால் வைரஸ் தொற்றிய எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கி, செல்களை மெல்ல மெல்ல மாற்றும். அந்த மாற்றத்தைத்தான் ரிப்போர்ட்டில் சி.ஐ.என். 1, 2, 3 என்று எழுதுவார்கள். தொற்றிலிருந்து புற்றுநோய் வரை போக பொதுவாகப் பத்து, பதினைந்து வருடம் ஆகும். இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய் அபூர்வம். அப்படியிருந்தும் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இது வந்திருக்கிறது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்திருக்கிறார்கள். எழுதும்போதே மனசு பதைக்கிறது.

ஆக, நல்ல பரிசோதனை என்றால் அந்தப் பதினைந்து வருட அவகாசத்துக்குள், புற்றுநோய் ஆவதற்கு முன்பே பிடிக்க வேண்டும். இதுதான் முதல் அளவுகோல். இருப்பதை இல்லை என்று சொல்லித் தவறவிடுமா, இல்லாததை இருக்கிறது என்று சொல்லிப் பயமுறுத்துமா என்பவை அடுத்த இரண்டு. அப்புறம் பணம். பணம் என்று நான் சொல்வது பில்லில் இருக்கும் தொகையை மட்டுமில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிற பெண்ணுக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போச்சு. ரிசல்ட் வாங்க இன்னொரு நாள், டாக்டரைப் பார்க்க மூன்றாவது நாள். எத்தனை நடை நடக்க வேண்டும் என்பதை நான் எப்போதும் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பேன். கடைசியாக ஒன்று: ரிசல்ட் பாசிட்டிவ் என்று வந்தால் அடுத்து எங்கே போவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ரத்தத்தில் பார்க்கும் மார்க்கர்கள்

நோட்டீஸில் இருப்பது பெரும்பாலும் எஸ்.சி.சி. ஆன்டிஜென், சி.ஏ.125, சி.இ.ஏ. ஆகிய மூன்றும்தான். மூன்றுமே புரதங்கள். எஸ்.சி.சி. ஆன்டிஜென் 1977-ல் ஜப்பானில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் திசுவிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. அதனால் 'இந்தப் புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனை' என்று சொல்லும்போது கேட்கச் சரியாகத்தான் இருக்கும்.

என் பெரியம்மா கதையைச் சொல்கிறேன். அவருக்கு 56 வயதில், நாள் நின்று வெகு காலம் கழித்து, அவ்வப்போது உள்பாவாடையில் கறை பட்டது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. மகன் ஏற்பாடு செய்த ஒரு பேக்கேஜில் ரத்தம் கொடுத்தார். மார்க்கர் மூன்றும் நார்மல். அந்தக் காகிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு எட்டு மாதம் நிம்மதியாக இருந்தார். எனக்கு விஷயம் தெரிந்து ஜிப்மருக்குக் கூட்டிக்கொண்டு போனபோது நோய் 2பி நிலையில் இருந்தது, அதாவது கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கவாட்டுத் திசுக்களுக்குப் பரவியிருந்தது. ஐந்து வாரம் வெளியிலிருந்து கதிர்வீச்சு, வாரம் ஒரு கீமோ, பிறகு உள்ளே வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. இன்று நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த எட்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

காரணம் எளிது. இந்தப் புரதங்கள் ரத்தத்தில் ஏறுவதற்கு நோய் ஓரளவு வளர்ந்திருக்க வேண்டும். புற்றுநோய்க்கு முந்தைய நிலையில், மாற்றம் மேல்தோலோடு நிற்கும்போது, ரத்தம் ஒன்றும் சொல்லாது. ஆரம்ப நிலைப் புற்றுநோயிலும் பல பேருக்கு நார்மலாகவே இருக்கும். மறுபக்கம், நோயே இல்லாதவர்களுக்கும் ஏறும். சோரியாசிஸ், கரப்பான், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு எஸ்.சி.சி. கூடுதலாகக் காட்டும்; மாதிரியில் வியர்வையோ எச்சிலோ கலந்தாலும் காட்டும். சி.ஏ.125 மாதவிலக்கு நாளிலும், ஃபைப்ராய்டு கட்டி இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் ஏறும். அதைப் பார்த்துப் பயந்து ஸ்கேன், சி.டி. என்று ஆயிரக்கணக்கில் செலவழித்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அப்படியானால் இந்தப் பரிசோதனையே வீணா? வீண் இல்லை. செதிள் செல் வகைப் புற்றுநோய் (மேல்தோலின் தட்டையான செல்களில் தொடங்குவது) உறுதியாகி, சிகிச்சை முடிந்தவர்களுக்கு, நோய் திரும்புகிறதா என்று கவனிக்க எஸ்.சி.சி. உதவும். சில சமயம் உடம்பில் ஒரு அறிகுறியும் தெரிவதற்கு முன்பே எண் ஏறத் தொடங்கும். பெரியம்மாவுக்கு இப்போது அதைத்தான் பார்க்கிறார்கள். அன்று ஏமாற்றிய அதே பரிசோதனை இன்று அவருக்குக் காவலாக இருக்கிறது.

தடவிப் பார்ப்பது: வி.ஐ.ஏ.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா செய்வது இது. ஸ்பெகுலம் என்ற கருவியால் பிறப்புறுப்பை விரித்துக் கர்ப்பப்பை வாயைப் பார்த்து, 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துத் தடவுவார்கள். கிட்டத்தட்ட வீட்டு வினிகர்தான். ஒரு நிமிடம் பொறுத்தால் மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். ரிசல்ட் அங்கேயே, அப்போதே. ஒரே நடை. செலவு இல்லை.

இதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2007-ல் வெளியானது. பயிற்சி பெற்ற நர்சுகள் ஒரே ஒரு முறை வி.ஐ.ஏ. செய்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்ததில் புதிதாக நோய் வருவது 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன.

ஆனால் 2009-ல் வெளியான மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் ஆய்வில் வி.ஐ.ஏ. செய்த குழுவில் சொல்லும்படியான குறைவு தெரியவில்லை. ஒரே பரிசோதனை ஒரு இடத்தில் பலன் தந்து இன்னொரு இடத்தில் தராமல் போனது ஏன்? என் கருத்து, இது முழுக்க முழுக்கப் பார்க்கிறவரின் கண்ணையும் பயிற்சியையும் வெளிச்சத்தையும் நம்பியிருக்கிறது. புண்ணும் அழற்சியும்கூட வெள்ளையாகத் தெரியும்.

இன்னொரு குறை, அக்காவைப் போன்றவர்களுக்கு முக்கியமானது. நாள் நின்ற பிறகு மாற்றம் நடக்கும் வளையம் கர்ப்பப்பை வாய்க்கு உள்ளே ஏறிவிடும். வெளியே தடவி வெள்ளை தெரியவில்லை என்றால் இல்லை என்று சொல்ல முடியாது. 50 தாண்டியவர்களுக்கு நான் இதை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன்.

பாப் ஸ்மியர்

கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. எங்கள் தொழிலின் அடிப்படையே இதுதான். மேல்நாடுகளில் இந்தப் புற்றுநோய் குறைந்ததற்கு இதற்குத்தான் பெரிய பங்கு.

ஆனால் எப்படிக் குறைந்தது? ஒவ்வொரு பெண்ணையும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்ததால். ஒரே ஒரு பாப், முந்தைய நிலை மாற்றம் உள்ளவர்களில் பாதிப் பேரைத் தவறவிடக்கூடும். சுரண்டும்போது சரியான இடத்தில் படாமல் போகலாம், சளியும் ரத்தமும் செல்களை மறைக்கலாம். ஒரு ஸ்லைடு தேறுவதற்கே குறைந்தது 8,000 செதிள் செல்கள் வேண்டும். அவ்வளவுக்கும் நடுவில் பத்து செல் மட்டும் மாறியிருந்தால் சாயங்கால நேரத்துக் களைத்த கண் தாண்டிப் போகலாம். நானே இரண்டாம் முறை பார்க்கும்போது கண்டுபிடித்ததுண்டு.

சில நூறு ரூபாயில் முடியும் என்பது பலம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் போகிறவர் என்றால் தாராளமாக எடுக்கலாம். வாழ்நாளில் ஒருமுறைதான் போவேன் என்கிறவருக்கு இது போதாது.

திரவத்தில் போட்டு அனுப்பும் எல்.பி.சி. முறை கொஞ்சம் விலை கூடுதல். அதன் முழுப் பலன் பின்னால் வருகிறது.

எச்.பி.வி. டி.என்.ஏ.

இது செல்லின் உருவத்தைப் பார்ப்பதில்லை, வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறது. உஸ்மானாபாத் ஆய்வு என்று சொன்னேனே, 1,31,746 பெண்கள் பங்கெடுத்தது. அதில் ஒரே ஒரு முறை எச்.பி.வி. பார்த்த குழுவில் எட்டு வருடத்தில் முற்றிய நோயும் இறப்பும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. பாப் எடுத்த குழுவில்கூட அப்படிக் குறையவில்லை. முந்தைய நிலை மாற்றம் உள்ள நூறு பேரில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களை இது பிடித்துவிடும். நெகட்டிவ் என்றால் அந்த நிம்மதி ஐந்து வருடம் தாங்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் முதல் பரிசோதனையாக இதையே பரிந்துரைத்தது: 30 வயதில் தொடங்கி, 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை. எச்.ஐ.வி. உள்ளவர்கள் 25-லேயே தொடங்கி, 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

மாதிரியை நாமே எடுத்துக் கொடுக்கலாம் என்பது இன்னொரு பெரிய வசதி. திரைக்குப் பின்னால் போய், குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றி, குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும். டாக்டர் முன்னால் படுக்கக் கூச்சப்பட்டே வராமல் இருக்கிற எத்தனையோ பேருக்கு இது வழிவிடும்.

விலை ஆயிரங்களில் போகும். அது பில்லில் தெரிகிற செலவு. தெரியாத செலவு இரண்டு.

முதலாவது வீட்டுக்குள் வருவது. 'பாசிட்டிவ்' என்ற சொல்லைக் கேட்டதும் கணவனைச் சந்தேகிப்பது, அல்லது கணவன் மனைவியைச் சந்தேகிப்பது. இந்த வைரஸ் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் இருக்கும். இன்று பாசிட்டிவ் என்றால் அது நேற்று வந்தது என்று அர்த்தமே இல்லை, யார் எப்போது கொடுத்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போதே இதைச் சொல்ல வேண்டும். சொல்லாத இடத்தில் குடும்பம் உடைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, வைரஸ் இருப்பதும் நோய் இருப்பதும் ஒன்றில்லை. பாசிட்டிவ் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பப்பை வாயில் ஒரு மாற்றமும் இருக்காது. எல்லோரையும் கால்போஸ்கோபிக்கு, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்ப்பதற்கு, அனுப்பினால் வரிசை நீளும், தேவையில்லாமல் சதைத் துண்டு எடுக்கும் பயாப்சிகள் நடக்கும். யாரிடம் வைரஸ் சும்மா இருக்கிறது, யாரிடம் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பிரித்துச் சொல்ல ஒன்று வேண்டும். நாத்தனார் ரிப்போர்ட்டில் இருந்த புரதங்கள் இங்கேதான் வருகின்றன.

பி16, கேஐ-67 இரட்டைச் சாயம்

கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் உங்களுக்கு முன்னால் ஒரு பஸ் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறது, டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். ஆனால் சக்கரம் அதே வேகத்தில் சுற்றுகிறது. பிரேக் அறுந்துவிட்டது என்று அப்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பி16 என்பது நம் செல்லிலேயே இருக்கிற பிரேக். செல் பிரிவது போதும் என்னும்போது அது கூடும், செல்லும் நிற்கும். எச்.பி.வி.யின் இ7 என்ற புரதம் அந்தப் பிரேக்கின் கம்பியை, அதாவது ஆர்.பி. என்ற புரதத்தை, செயலிழக்கச் செய்துவிடுகிறது. செல் மேலும் மேலும் பி16-ஐத் தயாரிக்கிறது, பலனில்லை. கேஐ-67 என்பது பிரிந்துகொண்டிருக்கும் செல்லில் மட்டும் தெரியும் புரதம். ஜெர்மனியின் கீல் நகரத்தில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். நல்ல செல்லில் இந்த இரண்டும் சேர்ந்து இருக்காது. பிரேக் போட்டிருந்தால் ஓடாது, ஓடினால் பிரேக் போட்டிருக்காது. ஒரே செல்லில் இரண்டும் தெரிந்தால் வைரஸ் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்துவிட்டது.

ஸ்லைடில் இதைப் பார்ப்பது தனி அனுபவம். வெளிர்நீலப் பின்னணியில் செல்கள் சிதறிக் கிடக்கும். பி16 இருந்தால் செல்லின் உடல் பழுப்பாக, கருப்பட்டிக் காப்பி சிந்திய மாதிரி இருக்கும். கேஐ-67 இருந்தால் நடுவில் உள்ள கரு சிவப்பாக இருக்கும். பழுப்புக்குள் சிவப்புப் பொட்டு வைத்த மாதிரி ஒரே ஒரு செல் கிடைத்தாலும் பாசிட்டிவ். செல்லின் வடிவம் கோணலா, கரு பெரிதா என்ற வாக்குவாதம் இங்கே இல்லை. பாப்பில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும் ஸ்லைடு இதில் அவ்வளவாகக் குழப்பாது. பி16-ஐ மட்டும் தனியாகப் பார்த்தால் சில நல்ல செல்களிலும் அது தெரிந்து ஏமாற்றும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே அதனால்தான்.

அமெரிக்காவில் 2020 மார்ச்சில் எச்.பி.வி. பாசிட்டிவ் வந்தவர்களைப் பிரித்தறிய இதற்கு அனுமதி கிடைத்தது. 2024-ல் உலக சுகாதார நிறுவனமும் அதே இடத்தில் இதைப் பயன்படுத்தலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. கவனியுங்கள், இரண்டிலுமே சொல்லப்பட்டது எச்.பி.வி. பாசிட்டிவ் வந்தவர்களுக்கு, இரண்டாவது படியாக. எச்.பி.வி.யே பார்க்காத ஒருவர் நேராக இதற்குப் போய்ப் பணத்தைக் கட்ட வேண்டியதில்லை.

நடைமுறை இப்படி இருக்கும். எச்.பி.வி.யில் 16 அல்லது 18 வந்தால் ஆபத்து அதிகம், நேராகக் கால்போஸ்கோபி. மற்ற வகைகள் வந்தால் இரட்டைச் சாயம். அது பாசிட்டிவ் என்றால் கால்போஸ்கோபி, நெகட்டிவ் என்றால் ஒரு வருடம் கழித்து மறுபடி எச்.பி.வி. பாப்பை வைத்துப் பிரிப்பதைவிட இதில் தேவையில்லாமல் கால்போஸ்கோபிக்குப் போகிறவர்கள் குறைவு, நெகட்டிவ் என்பதையும் கூடுதலாக நம்பலாம்.

நாத்தனாருக்கு ஒரு வார்த்தை: இரட்டைச் சாயம் பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. உள்ளே சிகிச்சை தேவைப்படும் மாற்றம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, போய்ப் பாருங்கள் என்று அர்த்தம். சி.ஐ.என். 2, 3 என்று வந்தாலும் லீப் என்ற சின்னச் சிகிச்சையில், பெரும்பாலும் அன்றே வீடு திரும்பும்படி, அந்தப் பகுதியை எடுத்துவிடலாம். தள்ளிப்போடாமல் இருந்தால் போதும்.

இனி மறைவான செலவு. சாயக் கிட் விலை அதிகம், எல்லா ஆய்வகமும் செய்வதில்லை. சின்ன ஊர்களில் எடுத்த மாதிரி பெரிய நகரத்துக்குப் போய்வர நாளாகும். இதற்கு டாக்டரோ நர்சோ ஸ்பெகுலம் வைத்து எடுத்த செல்கள் வேண்டும். நாமே எடுத்த மாதிரி சரிப்படாது. சுயமாக எடுத்து எச்.பி.வி. பாசிட்டிவ் வந்தால், இதற்கென்று இன்னொரு நடை போகத்தான் வேண்டும்.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன், ஆய்வகத்தில் இருந்தவள் என்பதால் தெரியும். முதல் முறையே டாக்டர் மாதிரி எடுப்பதாக இருந்தால், எல்.பி.சி. குப்பியில் எடுக்கச் சொல்லுங்கள். அந்த ஒரே குப்பியிலிருந்து எச்.பி.வி., பாப், இரட்டைச் சாயம் மூன்றையும் செய்யலாம். குப்பி சில வாரம் கெடாமல் இருக்கும். "எச்.பி.வி. பாசிட்டிவ் வந்தா இதே குப்பியில அடுத்தது பார்ப்பீங்களா?" என்று கவுன்ட்டரிலேயே கேட்டுவிடுங்கள். ஆமாம் என்று சொல்கிற இடத்தில் கொடுத்தால் ஒரு நடையும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

பயாப்சித் துண்டிலும் பி16 பார்ப்பது உண்டு. அது வேறு. சி.ஐ.என். 2-ஆ இல்லையா என்று நோய்க்குறியியல் மருத்துவருக்கே சந்தேகம் வரும்போது தீர்த்துக்கொள்ள அவர் கேட்பது. நாம் போய்க் கேட்க வேண்டியதில்லை, பில்லில் வந்தால் வீண் செலவு என்று நினைக்கவும் வேண்டாம்.

வைரஸின் இ6 புரதத்தையே நேராகப் பிடிக்கும் பட்டைப் பரிசோதனையும் உண்டு. பாசிட்டிவ் என்றால் மிகவும் நம்பலாம். ஆனால் நிறையப் பேரைத் தவறவிடும். முதல் பரிசோதனையாக வைக்க முடியாது. எம்.சி.எம்.2, டோப்போ 2ஏ என்று இன்னும் சில புரதங்களும் பேச்சில் அடிபடும். உங்கள் முடிவுக்கு இப்போதைக்கு அவை தேவையில்லை.

ஒரே பார்வையில்

| பரிசோதனை | எதைப் பார்க்கிறது | தவறவிடுமா | வீண் பயம் | நடை | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|---|---|
| ரத்த மார்க்கர் | ரத்தத்தில் கலந்த புரதம் | முந்தைய நிலையில் கிட்டத்தட்ட எப்போதும் | நிறைய | 1 | சிகிச்சைக்குப் பின் கண்காணிக்க மட்டும் |
| வி.ஐ.ஏ. | வெள்ளைத் திட்டு | பார்ப்பவரைப் பொறுத்தது | ஓரளவு | 1 | 30–50 வயது, வேறு வசதி இல்லாதபோது |
| பாப் | செல்லின் உருவம் | ஒரு தடவைக்குப் பாதி வரை | குறைவு | 2 | 3 வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் போகிறவர் |
| எச்.பி.வி. | வைரஸ் | மிகக் குறைவு | உண்டு | 2 | 30-க்கு மேல் முதல் பரிசோதனை |
| இரட்டைச் சாயம் | செல்லுக்குள் இரண்டு புரதம் | குறைவு | குறைவு | 1 கூடுதல், ஒரே குப்பி என்றால் இல்லை | எச்.பி.வி. பாசிட்டிவ் வந்த பிறகு |

யாருக்கு எது

தங்கைக்கு எச்.பி.வி. டெஸ்ட். எல்.பி.சி. குப்பியில். நெகட்டிவ் என்றால் ஐந்து வருடம் தையல் வேலையைப் பாருங்கள். பேக்கேஜ் நோட்டீஸைக் கிழித்துப் போடுங்கள்.

அக்காவுக்கும் எச்.பி.வி.தான், நாள் நின்றவர் என்பதால் கூடுதலாகவே. ஆனால் பணம் இப்போது இல்லை, தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்கிற நிலை என்றால், நர்சம்மா கூப்பிடும் முகாமுக்கு இந்த வாரமே போகட்டும். கைக்குக் கிடைக்கிற பரிசோதனையை விட்டுவிட்டு நல்லதுக்காகக் காத்திருந்து ஒன்றுமே எடுக்காமல் போனவர்கள்தான் என் அனுபவத்தில் அதிகம். அங்கே பார்ப்பவரிடம் "எனக்கு நாள் நின்னுடுச்சு, வளையம் முழுசாத் தெரியுதா?" என்று கேட்கட்டும். தெரியவில்லை என்றால் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ கோரிமேடு ஜிப்மருக்கோ எழுதித் தரச் சொல்லலாம்.

தேவனாம்பட்டினத்தில் விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போகிற பெண்களைப் போல, பகலில் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாதவர்களுக்குச் சுயமாக எடுக்கும் எச்.பி.வி. நல்லது. பாசிட்டிவ் வந்தால் ஒரு நாளை ஒதுக்க வேண்டியிருக்கும் என்று முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் டிஸ்சார்ஜ் காகிதத்தைத் தேடிப் பாருங்கள். கர்ப்பப்பை வாயும் சேர்த்து எடுக்கப்பட்டு, காரணம் ஃபைப்ராய்டு மாதிரி சாதாரணமானது, முன்பு இந்த மாற்றங்கள் இருந்ததும் இல்லை என்றால், இந்தப் பரிசோதனை எதுவும் வேண்டாம். வாயை விட்டுவிட்டு எடுத்திருந்தால் வேண்டும். எச்.பி.வி. தடுப்பூசி போட்ட பெண்களும் 30 வந்ததும் பார்க்கத்தான் வேண்டும். ஊசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை.

இதெல்லாம் ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டால், நாள் நின்ற பிறகு ஒரு சொட்டுக் கறை என்றாலும், நாற்றத்தோடு வெள்ளைப்பட்டால், ஒப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள். முந்தைய ரிப்போர்ட் எதுவாக இருந்தாலும் சரி, நேராக டாக்டரிடம் போய்க் கர்ப்பப்பை வாயைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.

போகும் முன்

மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். தலைநாளிலிருந்து பத்து முதல் இருபது நாளுக்குள் போவது வசதி. இரண்டு நாள் முன்பிருந்து உறவும், உள்ளே வைக்கும் மாத்திரை, க்ரீமும் வேண்டாம். உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும் வேண்டாம். பழைய ரிப்போர்ட் எதுவானாலும் கொண்டு போங்கள். கடலூரிலிருந்து ஜிப்மர் போகிறவர்கள் காலை முதல் பஸ்களில் ஏறினால் நல்லது. முள்ளோடை, அரியாங்குப்பம் தாண்டிப் புதுச்சேரியில் இறங்கி, அங்கிருந்து கோரிமேட்டுக்கு இன்னொரு வண்டி. பதிவு வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

நேற்று அந்தத் தங்கையிடம் பேசினேன். அக்கா புதன்கிழமை முகாமுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாராம். துணைக்குத் தானும் போகிறேன், அப்படியே எனக்கும் அங்கேயே பார்த்துவிடவா என்று கேட்டார். பாருங்கள் என்றேன். எச்.பி.வி.க்குப் பணம் சேர்ந்ததும் அதையும் எடுத்துக்கொள்ளலாம்.